பஞ்சின் பரம்பரை

பருத்தி இழை என்பது விதைத்தோலிலிருந்து முளைத்து நீளும் ஒற்றைக் கலம். பருத்திப் பூ மலரும் நாளில், விதையாகப் போகும் ஒவ்வொரு சூல்வித்தின் மேற்றோலிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கலங்கள் புடைத்தெழத் தொடங்குகின்றன. அவை மூன்று வாரங்களுக்குள் தம் அகலத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் நீண்டு, பின்னர் உட்சுவரில் செலுலோசைப் படை படையாக ஏற்றித் தடித்து, ஏறத்தாழ ஏழு வாரங்களில் காய் வெடிக்கும்போது உலர்ந்து தட்டையாகி, தாமாகவே முறுக்கிக்கொண்டு பஞ்சாகின்றன. அந்தக் கலம் எவ்வளவு நீள வேண்டும், எவ்வளவு மெலிதாக இருக்க வேண்டும், எவ்வளவு இழுவையைத் தாங்க வேண்டும் என்பன பெரும்பாலும் விதை முளைக்கும் முன்னரே அதன் பரம்பரையில் எழுதப்பட்டிருக்கின்றன.

இழையின் பிறப்பிடமும் வடிவமும் எவ்வளவு முக்கியமானவை என்பதை உணரத் திருகோணமலை வளவுகளில் நிற்கும் இலவ மரமே போதும். இலவம் பஞ்சு விதையிலிருந்து வளர்வதில்லை. காயின் உட்சுவரிலிருந்து வளர்கிறது. அதன் இழை உள்ளே வெறுமையான, மெழுகு படிந்த, வழவழப்பான குழலாக இருப்பதால், உலர்ந்தாலும் முறுக்கிக்கொள்வதில்லை. ஓர் இழை மற்றோர் இழையைப் பற்றாமல் வழுகிவிடுகிறது. ஆகவே அது தலையணைக்கும் மெத்தைக்கும் உகந்தது. தனித்து நூற்பதற்கு உகந்ததன்று. பருத்தி இழையோ ஒரு மில்லிமீற்றருக்குள்ளேயே பல தடவை திரும்பித் திரும்பி நிற்பதால், அயல் இழைகளைப் பற்றிக்கொண்டு நூலாகிறது. வெண்மையில் ஒன்றுபோல் தோன்றும் இரு பஞ்சுகளுள் ஒன்று சேலையாவதும் மற்றையது மெத்தைக்குள் அடைபடுவதும் இந்த நுண்ணிய வேறுபாட்டால்தான்.

துறைமுகத்தின் கரையிலிருந்து

இலங்கைக்குப் பருத்தி அந்நியமான பயிரன்று. வடமுனையிலுள்ள பருத்தித்துறை தன் பெயரிலேயே அந்தத் தொடர்பைச் சுமந்து நிற்கிறது; விஜயனின் ஆள் ஒருவன் குவேனியைக் காணும்போது அவள் மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்ததாக மகாவம்சம் சொல்கிறது. கிழக்கின் மருதமுனையில் கைத்தறி இன்றும் பெயர்பெற்ற தொழிலாக விளங்குகிறது. ஆயினும் ஆடை ஏற்றுமதியைப் பெரும் வருவாயாகக் கொண்ட இந்த நாடு, தனக்குத் தேவையான பஞ்சுக்கும் நூலுக்கும் துணிக்கும் பெரும்பாலும் வெளிநாடுகளையே நம்பியிருக்கிறது. துறைமுகங்களின் வழியே வந்திறங்கும் அந்தத் துணியின் தரம் எங்கே, எப்படி உருவாயிற்று என்பதை அறிய விரும்பும் ஒருவர், பாக்கு நீரிணையைக் கடந்து கோயம்புத்தூர் வரையேனும் செல்ல வேண்டும். ஏனெனில் இழைத்தரத்தின் பரம்பரையை ஆராய்ந்து, அதைக் கொண்டு புதிய பருத்தி வகைகளை உருவாக்கிய தெற்காசியாவின் முதன்மையான களங்களுள் அது ஒன்று.

கோயம்புத்தூரின் பருத்திக் கதையே கப்பலேறி வந்த விதைகளின் கதைதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கம்போடியாவிலிருந்து மேட்டுநிலப் பருத்தி எனப்படும் அமெரிக்க இனத்தைச் சேர்ந்த விதை சென்னை மாகாணத்துக்கு வந்து, கரிசல் நிலத்தின் குறுகிய இழை கொண்ட நாட்டுப் பருத்திகளுக்குப் பக்கத்தில், தோட்டப் பாசனத்தில் வேரூன்றியது. பின்னர் அது உகண்டாவிலிருந்து வந்த வகைகளோடு கலக்கப்பட்டது. அவ்வழியில் தோன்றிய வகைகளுக்கு இடப்பட்ட எம்.சி.யு. என்ற பெயர், மெட்ராஸ், கம்போடியா, உகண்டா என்ற மூன்று இடங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்ததாகும். 1968இல் வெளியிடப்பட்ட எம்.சி.யு.5, தென்னிந்திய நூற்பாலைகள் நீண்ட காலம் விரும்பி வாங்கிய நீள இழைப் பருத்தியாக விளங்கியது. ஒரு வகையின் பெயருக்குள் மூன்று நிலங்கள் அடங்கியிருப்பது, தரம் ஒரே மண்ணில் பிறப்பதன்று என்பதற்கு நல்ல சான்று.

தரம் என்பது என்ன?

பஞ்சு வியாபாரியும் நூற்பாலைக்காரரும் தரம் என்று சொல்லும்போது முதன்மையாக நான்கு பண்புகளைக் கருதுகின்றனர். முதலாவது இழை நீளம்: நாட்டுப் பருத்தியில் 20 மில்லிமீற்றர் அளவில் நிற்கும் இழைகள் உண்டு, மிக நீள இழைப் பருத்தியில் அது 32 மில்லிமீற்றரைத் தாண்டி 38 வரை செல்லும். இரண்டாவது சீர்மை: நீளம் எல்லா இழைகளிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கிறதா என்பது. மூன்றாவது வலிமை: இழைக்கற்றை அறுபடும் முன் தாங்கும் இழுவை. நான்காவது நுண்மை: இழை எவ்வளவு மெலிதானது என்பது. இவற்றோடு நிறம், நீட்சி, முதிர்ச்சி, தூசு ஆகியனவும் விலையைத் தீர்மானிக்கின்றன.

நுண்மையை அளக்க மைக்ரோனெயர் என்ற அளவு வழங்குகிறது. குறித்த எடையுள்ள பஞ்சை ஒரு சிறு அறையில் அடைத்து, அதனூடாக வளியைச் செலுத்தி, எவ்வளவு தடை ஏற்படுகிறது என்று பார்ப்பதே இந்த முறை. இழை மெலிதாயின் ஒரே எடைக்குள் அதிக இழைகள் இருக்கும்; வளி செல்லத் தடை அதிகரிக்கும்; அளவு குறைவாக வரும். இந்த எண் ஓர் அங்குல நீள இழையின் எடையை, கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, ஏறத்தாழச் சுட்டுகிறது.

இந்த எண்ணின் பொருள் ஒரு கணக்கால் தெளிவாகும். நூலின் பருமன் ‘கவுண்ட்’ எனப்படும் நூல் எண்ணால் குறிக்கப்படுகிறது. ஒரு இறாத்தல் எடையில் 840 யார் நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை கிடைக்கின்றன என்பதே அந்த எண். 120ஆம் எண் நூலில் ஒரு இறாத்தல் பஞ்சு 1,00,800 யாராக, அதாவது ஏறத்தாழ 92 கிலோமீற்றராக நீள்கிறது. திருகோணமலை நகரிலிருந்து கந்தளாய்க்குப் போய்த் திரும்பும் வழி முழுவதும் இழுத்தாலும் அந்த நூலில் மீதி இருக்கும். அவ்வளவு மெல்லிய நூலைக் குறுக்கே வெட்டினால், மைக்ரோனெயர் 3.0 உள்ள பஞ்சாயின் 40 இழைகளுக்குச் சற்று மேலும், 4.5 உள்ள பஞ்சாயின் 30க்குக் குறைவான இழைகளும் இருக்கும். ஒன்றையொன்று பற்றிக்கொள்ள ஆளில்லாத முப்பது இழைகளால் வேகமாகச் சுழலும் கதிரின் இழுவையைத் தாங்க முடியாது. நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஆகவே மெல்லிய துணி வேண்டுமாயின், மெல்லிய இழையைத் தரும் செடி வேண்டும். எந்த இயந்திரத்தாலும் பருத்த இழையை மெலிதாக்க முடியாது.

ஒன்று ஆக்குவதும் பல ஆக்குவதும்

பெற்றோரின் பண்புகளைச் சந்ததிக்குக் கடத்தும் கூறு பரம்பரையலகு எனப்படும். தமிழகத்தில் இதையே மரபணு என்பர். பருத்தியின் சில பண்புகள் ஒரே பரம்பரையலகால் ஆளப்படுகின்றன. பஞ்சின் கபில நிறம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கபிலப் பஞ்சு தரும் சில வகைகளை வெண்பஞ்சுச் செடியுடன் கலந்தால், முதல் தலைமுறை முழுவதும் இரண்டுக்கும் இடைப்பட்ட வெளிறிய கபிலமாக வரும். அதைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால், இரண்டாம் தலைமுறையில் கபிலம் ஒரு பங்கு, வெளிறிய கபிலம் இரு பங்கு, வெண்மை ஒரு பங்கு என்று, மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட ஒழுங்கிலேயே பிரிந்து வரும். சாயமிடத் தேவையற்ற இந்தப் பஞ்சு பலரை ஈர்த்தாலும், கபில நிறத்தோடு குறுகிய, வலிமை குறைந்த இழையும் சேர்ந்தே வருவது இனவிருத்தியாளரின் பழைய துன்பம்.

நீளமும் வலிமையும் நுண்மையும் அவ்வாறு எளிதில் பிரிந்து நிற்பனவல்ல. நீள இழைச் செடியையும் குறுகிய இழைச் செடியையும் கலந்து பெற்ற இரண்டாம் தலைமுறையில், நீளம், குறுக்கம் என்று இரண்டு கூட்டம் தெரிவதில்லை; குறுகியதிலிருந்து நீண்டது வரை இடைவெளியின்றி எல்லா அளவுகளும் வந்து நிற்கும். காரணம், ஒவ்வொன்றும் சிறிதளவே பங்களிக்கும் பல பரம்பரையலகுகள் சேர்ந்து அந்தப் பண்பை ஆக்குகின்றன. இத்தகையவை அளவுசார் பண்புகள் எனப்படும். கலம் நீள்வதற்குச் சுவர் தளர வேண்டும், உள்ளே நீரழுத்தம் எழ வேண்டும், சர்க்கரை வந்து சேர வேண்டும், செலுலோசு சரியான கோணத்தில் சுற்றப்பட வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் பல பரம்பரையலகுகள் பொறுப்பு.

இத்தனை கைகள் சேர்ந்து கட்டுவதை ஒற்றைக் கை இடித்துவிடவும் கூடும். 1929இல் விவரிக்கப்பட்ட லிகன் பஞ்சிலி என்னும் திரிபுச் செடியில், ஒரே ஒரு பரம்பரையலகு மாறியதால் இழைகள் சில மில்லிமீற்றருக்கு மேல் வளர்வதில்லை. பஞ்சைக் கெடுக்க ஒரு மாற்றம் போதும். நல்ல பஞ்சை ஆக்கவோ நூற்றுக்கணக்கான மாற்றங்கள் ஒத்திசைய வேண்டும். இனவிருத்தி தலைமுறைகளை விழுங்கும் பொறுமையான வேலையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பரம்பரைத்திறன்: தேர்வின் அளவுகோல்

வயலில் நிற்கும் இரண்டு செடிகளுள் ஒன்று நீள இழை தருகிறது என்றால், அது அதன் பிறப்பாலா, அல்லது அதன் வேருக்கு மட்டும் கூடுதல் நீர் கிடைத்ததாலா என்பது இனவிருத்தியாளர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி. செடிகளுக்கிடையே காணப்படும் மொத்த வேறுபாட்டில் எவ்வளவு பங்கு பரம்பரையால் வந்தது என்பதைச் சுட்டும் எண் பரம்பரைத்திறன் எனப்படும். ஒரு விளக்கத்துக்காக, ஒரு கலப்பின் இரண்டாம் தலைமுறையில் சராசரி நீளம் 28 மில்லிமீற்றர் எனவும், விதைக்காகத் தேர்ந்த செடிகளின் சராசரி 32 எனவும், நீளத்தின் பரம்பரைத்திறன் 0.6 எனவும் கொள்ளலாம். அப்போது தேர்வால் உயர்த்த முயன்ற 4 மில்லிமீற்றரில் 2.4 மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். அதன் சராசரி 30.4 ஆக நிற்கும். மீதி 1.6 அந்த ஆண்டின் மண்ணும் மழையும் கொடுத்த கடன். அது மண்ணுக்கே திரும்பிவிடும்.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளில் பொதுவாகக் காணப்படுவது, நீளமும் வலிமையும் உயர்ந்த பரம்பரைத்திறன் உடையவை என்பதும், மைக்ரோனெயர் இடைநிலையில் நிற்பது என்பதும், விளைச்சல் மிகவும் தாழ்ந்த பரம்பரைத்திறன் உடையது என்பதுமாகும். அதாவது நல்ல இழையைத் தேர்ந்தால் அது நல்ல இழையாகவே திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். இருந்தும் நல்ல இழையுள்ள வகைகள் அரிதாக இருப்பதன் காரணம், நல்ல இழையும் நல்ல விளைச்சலும் ஒன்றையொன்று விலக்க முனைவதே. வலிமை கூடும்போது பஞ்சின் விளைச்சல் குறைவதும், நீளம் கூடும்போது அரைவை வீதம், அதாவது கொட்டையோடு கூடிய பருத்தியிலிருந்து பிரியும் பஞ்சின் பங்கு, குறைவதும் பல நாடுகளில் பதிவாகியுள்ளன.

இதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, ஒரே பரம்பரையலகு இரண்டு பண்புகளையும் எதிரெதிர்த் திசைகளில் பாதிப்பது. இலையில் உருவாகும் சர்க்கரை மட்டுப்பட்டது, அதை இழைகளின் எண்ணிக்கைக்குச் செலவிடும் செடி ஒவ்வோர் இழையின் செழுமைக்கும் அதே அளவு கொடுக்க இயலாது. மற்றது, வேறு வேறு பரம்பரையலகுகள் ஒரே நிறமூர்த்தத்தில் அருகருகே இருப்பதால் சேர்ந்தே கடத்தப்படுவது. முதலாவதை இயற்கையின் விதியாக ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டாவதையோ பொறுமையால் உடைக்கலாம். அமெரிக்காவின் தென் கரோலினாவில், புளோரன்ஸ் நகரில் நடந்த பீடீ எனும் இனவிருத்தித் திட்டத்தில், கல்ப், ஹாரெல் ஆகியோர் வலிமையுள்ள வழிகளையும் விளைச்சலுள்ள வழிகளையும் மீண்டும் மீண்டும் தம்முள் கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து, இந்த எதிர்த்தொடர்பைப் பெரிதும் தளர்த்திக் காட்டினர்.

அந்த வலிமையின் ஊற்று வியப்புக்குரியது. பீஸ்லி என்ற அறிஞர் ஆசிய நாட்டுப் பருத்தியையும், அரிசோனாப் பகுதியின் காட்டினமான துர்பெரியையும் கலந்து, மலடாகப் பிறந்த அந்தக் கலப்பின் நிறமூர்த்தங்களைக் கொல்சிசினால் இரட்டித்து, அதை மேட்டுநிலப் பருத்தியுடன் சேர்த்தார். கொல்சிசின் என்பது தமிழ் நிலத்தின் கார்த்திகைக் கிழங்கிலும் உள்ள நச்சுப்பொருள். கலம் பிரியும்போது நிறமூர்த்தங்கள் பங்கிடப்படுவதைத் தடுத்து அவற்றை இரட்டிக்க வைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. இந்த முக்கலப்பிலிருந்தே பீடீ வகைகளின் வலிமை வந்தது. நூற்கத் தக்க பஞ்சே இல்லாத காட்டுச் செடியின் இரத்தம் கலந்த வழியிலிருந்து வலிய பஞ்சு பிறந்தது என்பது, பரம்பரையைப் புறத்தோற்றத்தால் அளக்கலாகாது என்பதற்கு மறக்க முடியாத பாடம்.

நான்கு இனங்கள், இரண்டு வீடுகள்

உலகில் பயிரிடப்படும் பருத்தி இனங்கள் நான்கு. ஆசிய, ஆப்பிரிக்கப் பழம்பருத்திகளான ஆர்போரியமும் ஹெர்பேசியமும் 26 நிறமூர்த்தங்கள் உடையவை. அமெரிக்கக் கண்டங்களில் தோன்றிய ஹிர்சூட்டமும் பார்படென்சும் 52 நிறமூர்த்தங்கள் உடையவை. ஹிர்சூட்டமே மேட்டுநிலப் பருத்தி. எகிப்தியப் பருத்தியும் சீ ஐலண்ட் எனும் தீவுப் பருத்தியும் பார்படென்சைச் சேர்ந்தவை. பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர், பழைய உலகப் பருத்தியின் முன்னோரும், இன்றைய பெரு நாட்டுக் காட்டினமான ரைமொண்டியின் உறவினரும் இயற்கையாகவே கலந்து, இரண்டின் நிறமூர்த்தத் தொகுதிகளும் ஒரே உடலில் குடியேறியதால் 52 நிறமூர்த்தப் பருத்தி தோன்றியது. ரைமொண்டிக்கு நூற்கத் தக்க பஞ்சு கிடையாது. ஆயினும் இழைத்தரத்தோடு தொடர்புடைய இடங்களுள் பல அதன் வழி வந்த தொகுதியில்தான் இருக்கின்றன என்று 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. துர்பெரியின் பாடம் இங்கும் மெய்யாகிறது.

மேட்டுநிலப் பருத்தி விளைச்சலிலும், பார்படென்ஸ் நீளத்திலும் நுண்மையிலும் சிறந்தது. இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறை ஓங்கி வளர்ந்து, மிக நீள இழையைத் தாராளமாகத் தருகிறது. 1970இல் சூரத்தில் சி. டி. பட்டேல் வெளியிட்ட எச்-4, மேட்டுநிலப் பருத்திக்குள்ளேயே இரு வகைகளைக் கலந்து வணிக அளவில் பயிரிடப்பட்ட உலகின் முதல் பருத்திக் கலப்பினமாகும். இரு ஆண்டுகளில், 1972இல், தார்வாடில் பி. எச். கட்டார்க்கி இரு இனங்களையே கலந்து வரலட்சுமியை வெளியிட்டார்.

இக்கலப்பு விதை கையாலேயே ஆக்கப்படுகிறது. மாலையில், மறுநாள் மலரப்போகும் மொட்டைத் தேர்ந்து, பெருவிரல் நகத்தால் அதன் அடியைச் சுற்றிக் கீறி, இதழ்களையும் அவற்றோடு ஒட்டிய மகரந்தத் தண்டையும் ஒரே உறையாகக் கழற்றிவிட்டு, எஞ்சி நிற்கும் சூலகத்தையும் சூல்முடியையும் காகிதப் பையால் மூடுகின்றனர். மறுநாள் காலையில், அடியில் ஊதாப் புள்ளியுள்ள மஞ்சள் நிறப் பார்படென்ஸ் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தை அந்தச் சூல்முடியில் தடவி, காம்பில் அடையாள நூல் கட்டுகின்றனர். நகம் சற்று ஆழமாகப் பதிந்தால் காய் உதிரும். மகரந்தப்பை ஒன்று தவறி நின்றால் விதை கலப்பாகாது. ஒரு வயலுக்கு வேண்டிய விதைக்காக ஆயிரக்கணக்கான பூக்களில் இந்த வேலை நடைபெறுகிறது. அதன் பெரும் பங்கைச் செய்வோர் கிராமத்துப் பெண் தொழிலாளர்கள். இந்திய நூற்பாலைகளுக்கு நீள இழையைக் கொண்டுவந்து சேர்த்தவர்களின் வரிசையில் அவர்களுக்கும் உரிய இடம் உண்டு.

ஆனால் இவ்வாறு பிறந்த முதல் தலைமுறையின் சிறப்பு நிலைப்பதில்லை. அதன் விதையை விவசாயி சேமித்து அடுத்த ஆண்டு விதைத்தால், வயலில் குட்டையும் நெட்டையும், மலடும் மெலிவும், பெற்றோரைப் போன்றவையுமாகப் பலவிதச் செடிகள் எழும். இரு இனங்களும் நெடுங்காலம் தனித்தனியே வாழ்ந்து, ஒவ்வொன்றும் தனக்குள் ஒத்திசையும் பரம்பரையலகுக் கூட்டங்களை அமைத்துக்கொண்டதால், அவை பிரிந்து தாறுமாறாகச் சேரும்போது இசைவு குலைகிறது. ஆகவே கலப்பின விதையை ஆண்டுதோறும் புதிதாகவே வாங்க வேண்டும்.

சுவின்: தீவின் பரிசு

இந்தச் சிக்கலுக்குக் கோயம்புத்தூர் கண்ட மற்றொரு விடை, 1974இல் வெளியிடப்பட்ட சுவின். எகிப்தின் கர்னாக் பருத்தியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு உள்ளூர்த் தட்பவெப்பத்துக்குப் பழகியிருந்த சுஜாதா ஒரு பெற்றோர். கரீபியன் கடலின் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து வந்த சீ ஐலண்ட் பருத்தி மற்றப் பெற்றோர். ‘சுஜாதா’வின் தலையும் ‘வின்சென்ட்’டின் தலையும் சேர்ந்து ‘சுவின்’ என்ற பெயராயின. இரு பெற்றோரும் பார்படென்ஸ் இனத்தைச் சேர்ந்தவையாதலால், அடுத்தடுத்த தலைமுறைகளில் இசைவு குலையவில்லை; தொடர்ந்து தேர்ந்து நிலைப்படுத்திய பின், விதைக்கு விதை அதே பஞ்சைத் தரும் நிலையான வகையாக அது உருவாயிற்று. அதன் இழை 38 மில்லிமீற்றர் அளவுக்கு நீண்டு, 120ஆம் எண் நூலுக்குத் தகுதி பெற்றது. எகிப்திலிருந்து மட்டுமே வரும் எனக் கருதப்பட்ட மிக நீள இழைப் பஞ்சைத் தமிழகத்து வயலிலேயே விளைவிக்க முடியும் என்பதை அது நிறுவியது. கடற்கரையோடும் தீவுகளோடும் பிறந்த ஒரு பருத்தியின் பரம்பரை, கடலிலிருந்து விலகிய கொங்கு நாட்டில் நிலைகொண்ட கதை இது.

எனினும் சுவின் விவசாயியிடம் நிறையக் கேட்டது. அது வயலில் நீண்ட காலம் நின்றது. காய்கள் சிறியவையாதலால் எடுப்புக் கூலி ஏறியது. விளைச்சல் மேட்டுநிலக் கலப்பினங்களுக்கு ஈடாகவில்லை. பஞ்சைக் கொட்டையிலிருந்து பிரிக்கும் இடத்திலும், ரம்பப் பல் பொறி இழையை அறுத்துவிடும் என்பதால், உருளைப் பொறியிலேயே அரைக்க வேண்டியிருந்தது. 2002இல் இந்தியாவில் புழுவெதிர்ப்புப் பரம்பரையலகு ஏற்றிய பி.டி. கலப்பினங்கள் அனுமதிக்கப்பட்ட பின்னர், விவசாயிகள் பெருமளவில் அவற்றுக்கு மாறினர். சுவின் பயிரிடும் பரப்பு மிகவும் சுருங்கியது. இதற்கு விவசாயியைக் குறை சொல்வது நியாயமாகாது. தரத்துக்கு உரிய மேல்விலை வயல் வரை வந்து சேராத இடத்தில், தரமான விதை தானாகவே ஒதுங்கிவிடும். பரம்பரை விதைக்குள் பத்திரமாக இருந்தாலும், அந்த விதையை ஆண்டுதோறும் மண்ணில் இடும் கைக்கு ஊதியம் இல்லையெனில் அது வழக்கொழிகிறது.

மண்ணும் வானமும்

பரம்பரை விதிக்கும் எல்லைக்குள் இழை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வானிலை தீர்மானிக்கிறது. இழை நீளும் முதல் மூன்று வாரங்களில் நீர் தட்டுப்பட்டால் நீளம் குறையும். சுவர் தடிக்கும் அடுத்த வாரங்களில் மேகமூட்டத்தால் ஒளி குறைந்தாலோ இரவுக் குளிர் மிகுந்தாலோ செலுலோசு படிவது தளர்ந்து, மைக்ரோனெயர் இறங்கும். இங்கே ஒரு பொறி உண்டு: மெலிதாகப் பிறந்து நன்கு முதிர்ந்த இழையும், பருமனாகப் பிறந்து முதிராமல் நின்ற இழையும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். முன்னையது சிறந்த பஞ்சு. பின்னையது சாயம் பற்றாமல் துணியில் புள்ளி புள்ளியாகத் தெரியும் கழிவு. ஆகவே எண்ணை மட்டும் நம்பித் தேர்வு செய்பவர் ஏமாறுவார்.

திருகோணமலையின் பருவ நாட்காட்டியில் இதை வைத்துப் பார்க்கலாம். வாடைக் காற்றோடு வரும் மாரி மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீடிக்கிறது; அதன்பின் வறட்சி தொடங்கி, ஆண்டின் நடுவில் கச்சான் காற்று நிலத்தைக் காய்ச்சுகிறது. பெரும்போகத்தில், ஒக்டோபர் நடுப்பகுதியில் விதைக்கப்படும் பருத்தி ஏறத்தாழ இரண்டு மாதங்களில், டிசம்பர் நடுப்பகுதியில், பூக்கத் தொடங்கும். முதற் காய்களின் இழை மழைக்காலத்தின் ஈரத்தில் தடையின்றி நீளும். ஆனால் சுவர் தடிக்கும் ஜனவரியில் மேகம் விலகாவிடில் முதிர்ச்சி குன்றும். பெப்ரவரியில் காய் வெடிக்கையில் வானம் தெளிந்திருந்தால் பஞ்சு வெண்மையாகக் கிடைக்கும். பின்மழை பெய்தால் வெடித்த சுளைகளில் பூஞ்சணம் பற்றி நிறமும் வலிமையும் கெடும். விதைப்பை மூன்று வாரம் முன்னோ பின்னோ தள்ளினாலே ஒரே விதையிலிருந்து வேறு தரப் பஞ்சு கிடைக்கலாம். இதனால்தான் இனவிருத்தியாளர்கள் ஒரு வகையைப் பல இடங்களிலும் பல ஆண்டுகளிலும் விதைத்துப் பார்த்த பின்னரே அதன் பண்பைப் பரம்பரைக்கு உரியதென ஏற்கின்றனர். 1967இல் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த பருத்தி மேம்பாட்டுத் திட்டத்தின் அடிப்படையும் இதுவே.

அளவீடும் காப்பும்

முற்காலத்தில் தரம் பார்ப்பவர் ஒரு பிடிப் பஞ்சை இரு கை விரல்களாலும் இழுத்து இழுத்து அடுக்கி, இழைகளைக் கறுப்புத் துணியில் பரப்பி நீளத்தை மதிப்பிட்டார். 1924இல் மும்பை மாதுங்காவில் நிறுவப்பட்ட பருத்தித் தொழில்நுட்ப ஆய்வுகூடம், இனவிருத்தியாளர் அனுப்பும் சிறு பஞ்சு மாதிரிகளை நூற்றே பார்த்து, தேர்வுக்கு எண்ணின் உறுதியைத் தந்தது. இன்று ஒரே கருவி நீளம், சீர்மை, வலிமை, மைக்ரோனெயர் ஆகியவற்றைச் சில நொடிகளில் அளந்துவிடுகிறது. ரைமொண்டியின் முழு மரபுத்தொகுதி 2012இலும், மேட்டுநிலப் பருத்தியினது 2015இலும் வெளியான பின்னர், நல்ல இழைக்குரிய நிறமூர்த்தப் பகுதி நாற்றில் இருக்கிறதா என்பதை, காய் வெடிக்கும் வரை காத்திராமல், ஓர் இலைத்துண்டைக் கொண்டே பார்க்க முடிகிறது. ஆயினும் பல சிறு பங்குகளால் ஆகும் பண்பில் ஒரு குறி எல்லாவற்றையும் சொல்வதில்லை. வயலில் நடந்து செடி செடியாகப் பார்க்கும் கண்ணுக்கு மாற்று இன்னும் வரவில்லை.

இவற்றுக்கெல்லாம் அடிப்படையாகத் தேவைப்படுவது பன்மை. எல்லா வயல்களிலும் ஒரே வழிவந்த விதை நின்றால், தேர்ந்தெடுக்க எதுவும் எஞ்சியிராது. துர்பெரியும் ரைமொண்டியும் கற்பித்தது போல, இன்று பயனற்றதாகத் தோன்றும் ஒரு செடி, நாளை வேண்டப்படும் வலிமையையோ நுண்மையையோ வறட்சித் தாங்கலையோ மறைத்து வைத்திருக்கக்கூடும். இலங்கையின் வறண்ட வலயத்துக் கோயில் வீதிகளிலும் வீட்டு வளவுகளிலும், விளக்குத் திரிக்காக விடப்பட்டுப் பல ஆண்டுகள் நின்று காய்க்கும் பருத்திச் செடிகள் இன்னும் அங்குமிங்கும் உண்டு. உவர்க்காற்றையும் கச்சான் வெயிலையும் தாங்கி நிற்கும் அவற்றின் பரம்பரையை இழப்பது எளிது. வீடு கட்ட வளவைத் துப்புரவாக்கும் ஒரு காலைப்பொழுது போதும். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தாவர மரபு வளங்களைக் காக்கும் நிலையம் இயங்குகிறது. வெடித்த காயொன்றைப் பறித்து, நிழலில் உலர்த்தி, கொட்டையைக் காகித உறையில் இட்டு, ஊரின் பெயரையும் எடுத்த திகதியையும் எழுதி வைப்பது பாடசாலை மாணவர் ஒருவராலும் இயலும் வேலை. திரிக்கென்று பஞ்சைக் கிள்ளிவிட்டுக் கொட்டையைக் குப்பையில் எறியும் முன், அந்த உறைக்குள் நான்கு கொட்டைகள் போய்ச் சேரட்டும்.